கொழும்பில் இனப்பகையை எதிர்த்தோர்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கு நிகழ்ந்த கலகங்களை ஆண்டும் திங்களும் நாளும் குறித்து எழுதிவிடுகின்றனர். அக்கலகங்களைத் தடுக்க முயன்றோர் யாவர், அவர்கள் எவ்வாறு ஒன்றுகூடினர், எங்கே வென்றனர், எங்கே தவறினர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. கொழும்பு மாநகரின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலே பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கலகம் நூல்களில் இடம்பெற்றுள்ளது. 1915ஆம் ஆண்டிலே முஸ்லிம் மக்களுக்கு எதிராக எழுந்த வன்செயல்களும், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழ் மக்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட கொடுமைகளும் யாவரும் அறிந்தவை. ஆனால், அதே நகரத்தின் அதே தெருக்களிலே, இனத்தின் பெயரால் மனிதனை மனிதன் பகைத்தல் தகாது என்று எளிய மக்கள் சங்கம் அமைத்துப் பாடுபட்ட வரலாறும் ஒன்றுண்டு. அவ்வரலாற்றையும், அது நமக்கு உணர்த்தும் பாடத்தையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கொழும்பு, துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த நகரம். துறைமுகத்தை அடுத்துக் கொட்டாஞ்சேனை. வடக்கே களனி கங்கையைக் கடந்தால் வத்தளை. தெற்கே காலி வீதி வழியாகச் சென்றால் வெள்ளவத்தை. இம்மூன்றிடத்தும் இன்று தமிழ் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். ஆயினும் இவற்றுள் எதுவும் ஓரினத்தார் மட்டும் வாழும் ஊரன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், புகையிரதப் பட்டறைகளில் இரும்பு அடித்தோரும், ட்ராம் வண்டி ஓட்டியோரும், ஆலைகளில் நூல் நூற்றோரும் பல இனத்தவராய் இருந்தனர். சிங்களவரும், இலங்கைத் தமிழரும், முஸ்லிம்களும், மலாயரும், தமிழ்நாட்டினின்றும் மலையாள நாட்டினின்றும் பிழைப்புத் தேடி வந்தோரும் ஒரே கூரையின் கீழ் உழைத்தனர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை குறைந்த கூலியும் நீண்ட வேலை நேரமுமே. எனவே, இனம் கடந்த ஒற்றுமை இந்நகரில் முதன்முதலில் மேடைகளிற் பிறக்கவில்லை, வேலைத்தலங்களிலேயே பிறந்தது.

அவ்வொற்றுமைக்கு அமைப்பு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஏ.ஈ. குணசிங்க. அவர் 1922ஆம் ஆண்டிலே இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். 1923இல் கொழும்பிலே நடைபெற்ற பொது வேலைநிறுத்தம், 1927இல் நிகழ்ந்த துறைமுக வேலைநிறுத்தம், 1929இல் நிகழ்ந்த ட்ராம் வேலைநிறுத்தம் ஆகியன அவருடைய தலைமையிலே நடந்தவை. தஞ்சாவூரிலிருந்து வந்து பத்திரிகையாளராய் விளங்கிய கோ. நடேசையர் அச்சங்கத்திலே குணசிங்கவுக்குத் துணை நின்றார். சிங்களத் தலைவர் ஒருவரும் தமிழகத்திலிருந்து வந்த பிராமணர் ஒருவரும் ஒரே மேடையில் நின்று, எல்லா இனத் தொழிலாளருக்காகவும் குரல் கொடுத்த காலம் அது.

அக்காலம் நெடிது நீடிக்கவில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் விலை வீழ்ந்தது. துறைமுகத்தில் வேலை குறைந்தது. வேலையற்றோர் தொகை பெருகியது. பசித்தவன் தன் பசிக்குக் காரணம் தேடுவான். உண்மையான காரணம் இலண்டன் சந்தையிலும் நியூயோர்க் பங்குச் சந்தையிலும் கிடந்தது. அது அவன் கண்ணுக்கு எட்டாதது. கண்ணுக்கு எட்டியவனோ பக்கத்திலே நின்று வேலை செய்யும் மலையாளி. மந்தத்திற்கு முன்னரே நடேசையரோடு முரண்பட்டுப் பிரிந்திருந்த குணசிங்க, முப்பதுகளிலே இந்தியத் தொழிலாளரைக் குறிப்பாக மலையாளிகளைப் பகைவராகக் காட்டும் பிரசாரத்தில் இறங்கினார். பல இனத்தவரை ஒன்றுசேர்த்துச் சங்கம் கண்ட ஒருவரே இன வேற்றுமையைத் தூண்டுவோராக மாறியமை இவ்வரலாற்றின் முதற் பாடம். ஒருமுறை பெற்ற ஒற்றுமை என்றும் நிலைத்திருக்கும் என்று நம்புதல் கூடாது. துன்ப காலத்திலேதான் அது சோதிக்கப்படுகின்றது.

அச்சோதனை வெள்ளவத்தையிலே வந்தது. அங்கிருந்த நூற்பு நெசவாலை அக்காலத்தில் இலங்கையின் மிகப் பெரிய நெசவாலை. ஏறத்தாழ 1,400 தொழிலாளர் அதில் வேலை செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இந்திய வம்சாவழியினர், எஞ்சியோர் சிங்களவர். 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வழக்கப்படி அவர்களுக்குத் துணை நிற்க வேண்டியவர் குணசிங்க. அவரோ இது இந்தியரின் வேலைநிறுத்தம் என்று கூறி அதனை எதிர்த்ததோடு, சிங்களத் தொழிலாளரின் இனவுணர்ச்சியைத் தூண்டி, கருங்காலிகளைக் கொண்டு அதனைக் குலைக்கவும் முற்பட்டார்.

அந்நிலையிலே ஆலைத் தொழிலாளரின் துணைக்கு வந்தவர்கள் மேல்நாட்டிற் கல்வி கற்றுத் திரும்பிய இளைஞர் சிலர். கொழும்புத் தெற்கு வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த அவர்களுள் கொல்வின் ஆர். டி சில்வா என்னும் வழக்கறிஞர் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். வேர்னன் குணசேகர அதன் செயலாளரானார். தலைவரும் செயலாளரும் சிங்களவர். அவர்கள் காத்து நின்ற தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழும் மலையாளமும் பேசியோர். அவ்வேலைநிறுத்தம் ஆலையின் சம்பளப் புத்தகத்தில் விளைத்த மாற்றத்தைவிட, நாட்டின் அரசியலில் விளைத்த மாற்றமே பெரிது. உழைப்போரை இனத்தால் பிரிப்பவன் எவ்வினத்தவனாயினும் உழைப்போருக்குப் பகைவனே என்னும் கொள்கை அன்று வெள்ளவத்தையிலே செயலில் காட்டப்பட்டது. அந்த ஆலை இன்றில்லை. அது நின்ற நிலத்திலே ஹவ்லொக் சிட்டி என்னும் உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன.

வெள்ளவத்தையில் இவை நிகழ்ந்த அதே பருவத்தில், 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், ஜேர்மனியிலே ஹிட்லர் ஆட்சித் தலைமையை ஏற்றார். அந்நாட்டின் தொழிலாளர் கட்சிகள் இலட்சக்கணக்கான உறுப்பினரைக் கொண்டிருந்தும், ஒன்றையொன்று பகைத்து நின்றமையால் ஒன்றுபட்டு எதிர்க்க இயலாதுபோயின. அவ்வாண்டு மே மாதம் 2ஆம் நாள் நாஸிகள் தொழிற்சங்க அலுவலகங்கள் அனைத்தையும் கைப்பற்றினர். சர்வாதிகாரத்தையும் இனவெறியையும் ஒருங்கே நாட்ட விரும்புவோர் முதலிலே தொழிற்சங்கங்களின் கதவைத்தான் உடைக்கின்றனர் என்பது இதனாற் புலனாகும். காரணம் வெளிப்படை. பல இனத்தவர் வாரந்தோறும் கூடிப் பேசும் இடம் உள்ளவரை, ஓரினத்தார் மற்றோரினத்தாரைப் பற்றிப் பரப்பும் பொய்கள் எளிதில் எடுபடமாட்டா.

வெள்ளவத்தைப் போராட்டத்தில் ஈடுபட்ட வாலிபர் அதே 1933ஆம் ஆண்டில் மற்றோர் இயக்கத்திலும் முன்னின்றனர். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11ஆம் திகதியிலே, பிரித்தானியப் படைவீரரின் நலனுக்காகப் பொப்பி மலர்கள் விற்கப்படுவது வழக்கம். இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளும் அவற்றை வாங்க வேண்டியிருந்தது. அப்பணத்தின் பெரும் பகுதி கடல் கடந்து சென்றது. ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராயிருந்த டொரீன் விக்கிரமசிங்க என்னும் ஆங்கிலப் பெண்மணி, இதன் பொருந்தாமையை எடுத்துக்காட்டிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பொப்பிக்குப் போட்டியாகச் சூரிய மலரை விற்கும் இயக்கம் புத்துயிர் பெற்றது. சூரிய மலர் என்று சிங்களத்தில் வழங்குவது நம் வேலியோரங்களிலே மஞ்சளாய்ப் பூக்கும் பூவரசம்பூவே. இயக்கத்தின் தலைவியாக டொரீன் அம்மையாரே தெரிவு செய்யப்பட்டார். இணைச் செயலாளராக டெரன்ஸ் டி சில்வாவும் ரொபின் ரட்ணமும் பணியாற்றினர். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்த இயக்கத்திற்கு ஆங்கிலப் பெண்மணி ஒருவர் தலைவி. சிங்களவர் ஒருவரும் தமிழர் ஒருவரும் செயலாளர். அவர்கள் எதிர்த்தது ஆதிக்கத்தையேயன்றி ஓர் இனத்தாரையன்று. சூரிய மலரை வாங்கியோர் பெரும்பாலும் ஏழை மக்கள். சேர்ந்த பணம் பெரிதன்று. ஆனால், இளைஞரும் யுவதியரும் தெருவில் இறங்கி மக்களோடு பேசக் கற்றனர்.

அவ்வாறு கற்றது விரைவிலே பயன்பட்டது. 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1935இலும் மலேரியாக் காய்ச்சல் நாட்டை வாட்டியது. மாண்டவர் தொகை 80,000க்கும் மேலென்பர். கேகாலைப் பகுதியும் அதன் சுற்றுப்புறமும் மிகுதியும் பாதிக்கப்பட்டன. சூரிய மலர் இயக்கத் தொண்டர் மருந்தும் உணவும் சுமந்து ஊரூராகச் சென்றனர். என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க முதலியோர் அப்பணியில் ஈடுபட்டனர். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலிலே பிலிப் அவிசாவளையிலும் பெரேரா ருவான்வெல்லையிலும் வெற்றி பெற்றமைக்கு அக்காய்ச்சல் காலத்துப் பணி ஒரு காரணமாயிற்று. நோயுற்றவனின் படுக்கையருகே அமர்ந்தவனின் சொல்லை மக்கள் பின்னர் மேடையிலும் கேட்பர்.

வடக்கிலும் இத்தகைய விழிப்பு முன்னரே தோன்றியிருந்தது. 1924ஆம் ஆண்டிலே ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. நாட்டின் முழு விடுதலையையும் இன ஒற்றுமையையும் வேண்டிய அவ்வமைப்பு, தம் சமூகத்தினுள்ளே வேரூன்றியிருந்த சாதிக் கொடுமையையும் எதிர்த்தது. சம ஆசனம், சம போசனம் என்பவற்றை அதன் உறுப்பினர் கொள்கையாகக் கொண்டனர். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அவர்கள் அழைப்பின் பேரிலேயாம். 1931இல் அவர்கள் நடத்திய தேர்தல் பகிஷ்காரத்தால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அதனைத் தெற்கிலிருந்த முற்போக்கு இளைஞர் பாராட்டினர். பிறரிடம் நீதி கேட்போர் தம் வீட்டு முற்றத்திலும் நீதி வழங்க வேண்டும் என்பதை அவ்வாலிபர் உணர்ந்திருந்தனர். பிற்காலத்தார் பலர் இதனை மறந்தமை வருந்தத்தக்கது.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டிலே பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர் ஒருவர் அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத் துரைப் பயிற்சிக்காக மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கே தமிழ்த் தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு மனம் பொறாது, அவர்கள் பக்கம் பேசியமையால் வேலையிழந்தார். பின்னர் சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து, 1937ஆம் ஆண்டு ஏப்ரில் 3ஆம் நாள் நாவலப்பிட்டியிலே தொழிலாளர் கூட்டத்தில் உரையாற்றினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். கட்சியினர் அவரை மறைத்து வைத்தனர். மே 5ஆம் நாள் காலிமுகத்திடலிலே பல்லாயிரவர் திரண்ட கூட்டத்தில் அவர் திடீரெனத் தோன்றினார். மே 18ஆம் நாள் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்று தீர்ப்பளித்தது. தமிழ்க் கூலிகளுக்காகப் பேசிய வெள்ளையர் ஒருவரைப் பெரும்பாலும் சிங்களவர் கூடிய கூட்டம் பாதுகாத்தது. நிறமும் மொழியும் சமயமும் அவ்விடத்துத் தடையாகவில்லை.

அதற்குச் சில மாதங்களின் முன், 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று நடந்தது. மோஸ்லி என்பாரின் பாசிசப் படையினர் யூதர் வாழும் தெருக்களினூடே ஊர்வலம் செல்ல முற்பட்டனர். கேபிள் வீதியிலே யூதத் தையற்காரரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் தோளோடு தோள் நின்று தடையரண் அமைத்தனர். ஊர்வலம் திரும்பிச் செல்ல நேர்ந்தது. அங்கும் வென்றது ஓர் இரவில் தோன்றிய உணர்ச்சியன்று. வாடகைக் குறைப்புக்கும் கூலி உயர்வுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்த சங்கங்களின் பழக்கமே.

இலங்கையிலோ எதிர்ப்பக்கமும் வாளாவிருக்கவில்லை. மலையாளிகளைப் பகிஷ்கரிக்கும் பிரசாரம் முப்பதுகளின் பிற்பகுதியிலே வலுத்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. சமசமாஜக் கட்சியினர் இருவரும் அரசாங்க சபையில் அதனை எதிர்த்தனர். அவ்வாண்டு ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அப்போதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானார். அதனை விசாரிக்க அமைந்த ஆணைக்குழுவின் முன் தொழிலாளர் பக்கம் வாதிட்டவர் வெள்ளவத்தை ஆலைச் சங்கத்தின் தலைவராயிருந்த அதே கொல்வின் ஆர். டி சில்வா.

இவ்வொற்றுமையின் உச்சம் 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் எனலாம். அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் கொழும்பிலே வேலைநிறுத்த ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் உயிர் நீத்தார். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவருக்காகச் சிங்களத் தொழிலாளர் துயர்கொண்டாடி, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தியாகியாக அவரைப் போற்றினர்.

சரியாக ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1956ஆம் ஆண்டு அதே ஜூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் அரசகரும மொழியென்னும் மசோதாவை எதிர்த்துக் காலிமுகத்திடலிலே அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் காடையராற் தாக்கப்பட்டனர். ஒரே நகரம், ஒரே திகதி. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நிகழ்ந்ததென்ன என்று வினவுதல் வேண்டும்.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம். அதனாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களாலும் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். இடதுசாரிக் கட்சிகள் அதனை எதிர்த்து வாக்களித்தன. ஆயினும் தமிழ்த் தலைவர்களுள்ளேயே ஒரு பகுதியினர் விரைவில் அதே அரசாங்கத்தின் அமைச்சரவையிற் சேர்ந்தனர். வாக்கிழந்த மக்களோடு இடதுசாரி இயக்கம் தன் வலிமையில் ஒரு பெரும் பங்கையும் இழந்தது. இரண்டாவது, தேர்தல் வெற்றிக்கு மொழியுணர்ச்சியே குறுக்கு வழியென்று பெருங்கட்சிகள் கண்டுகொண்டமை. 1955இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டிச் சமசமாஜக் கட்சி கொழும்பு நகர மண்டபத்தில் நடத்திய கூட்டத்தைக் காடையர் தாக்கினர். கட்சியோ அன்று கொள்கையைக் கைவிடவில்லை. மறு ஆண்டு பாராளுமன்றத்திலே கொல்வின் ஆர். டி சில்வா, இரு மொழி எனின் ஒரு நாடு, ஒரு மொழி எனின் இரு நாடு என்னும் பொருள்பட எச்சரித்தார். ஆனால், மலேரியாக் காலத்தில் அவரோடு ஊரூராய் நடந்த பிலிப் குணவர்த்தன, சிங்களம் மட்டும் என்ற அரசாங்கத்தில் அமைச்சராயிருந்தார்.

இதன் பின்னர் நிகழ்ந்தவை இன்னும் துயரமானவை. மொழிப் பிரச்சினையால் அரசாங்க எழுதுவினைஞரின் பொதுச் சங்கத்திலே பிளவு ஏற்பட்டு, தமிழ் எழுதுவினைஞர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். கந்தசாமியின் தோழர்கள் மொழிவாரியாகப் பிரிந்தனர். 1964இல் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் இணைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவரென முடிவாயிற்று. 1966ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்திலே இடதுசாரிக் கட்சிகளும் பங்கு கொண்டன. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சிங்களத்தின் தனி நிலையை உறுதி செய்தது. அதனை வகுக்கும் பொறுப்பேற்ற அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. வெள்ளவத்தை ஆலை வாயிலிலே நின்றவரும், 1956இல் எச்சரித்தவரும் அவரே. இதனைச் சுட்டுவது ஒருவரைப் பழிப்பதற்கன்று. அடித்தளத்து மக்களோடு கொண்ட தொடர்பு தளர்ந்து, மந்திரிப் பதவியே வழியென்றாகிவிட்டால், அறிவிற் சிறந்தோரும் தம் அறிவுக்கு மாறாக நடக்க நேரும் என்பதைக் காட்டுதற்கேயாம். அக்கட்சியினின்றும் பிரிந்த சிறு குழுவினரும், பாலா தம்பு தலைமையிலான வர்த்தக ஊழியர் சங்கம் போன்ற சிலவுமே பழைய நெறியிற் தொடர்ந்து நின்றனர்.

எஞ்சிய தொழிற்சங்க வலிமையையும் 1980ஆம் ஆண்டு ஜூலை முறித்தது. அவ்வேலைநிறுத்தத்திற் பங்குகொண்ட ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்தனர். தொழிற்சங்கப் போர்வையிலே ஆட்சியாளருக்குத் துணையான குண்டர் கூட்டங்கள் வளர்ந்தன. மூன்றாண்டுகளின் பின், 1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் தொடங்கிய தீ, வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நகரின் புறத்து ஊர்களையும் சூழ்ந்தது. வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்தி வீடு வீடாகக் காடையர் சென்றதைப் பலர் சான்று கூறியுள்ளனர். கலகத்திற்குக் காரணம் என்று கூறி அரசாங்கம் தடை செய்ததோ மூன்று இடதுசாரிக் கட்சிகளை!

அக்கொடிய வாரத்திலே சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் தம் உயிரையும் பொருட்படுத்தாது தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர். இதனை மறத்தல் நன்றிகொன்ற செயலாகும். ஆயினும் வரலாற்று மாணவன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அயலவரின் இரக்கம் ஒரு குடும்பத்தைக் காத்தது. தெருவைக் காக்க அதனால் இயலவில்லை. கதவைத் திறந்து ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்ள நல்லவர் ஒருவர் போதும். தெருமுனையில் நின்று கூட்டத்தைத் தடுக்கவோ, ஒருவரையொருவர் முன்பே அறிந்த, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிப் பழகிய பலர் வேண்டும். அத்தகையோரை உருவாக்கிய சங்கங்கள் 1983இல் நலிந்து கிடந்தன. நல்லவர் இல்லாமையாலன்று, நல்லவரை ஒன்றுகூட்டிய அமைப்பு இல்லாமையாலேயே அந்நகரம் எரிந்தது.

இக்குறையை முன்பே உணர்ந்தோர் சிலர் இருந்தனர். 1979ஆம் ஆண்டிலே இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்திற்குமான இயக்கம் தோன்றியது. கண்டியிலே சத்யோதய நிலையத்தை நிறுவி மலையக மக்களிடையே பணி செய்த போல் கஸ்பர்ஸ் அடிகளார், எழுத்தாளர் ரெஜி சிறிவர்த்தன, வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்த்தன முதலியோர் அதனோடு தொடர்புடையவர். 1979இல் யாழ்ப்பாணத்தில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்தவற்றை அவ்வியக்கத்தினர் நேரிற் சென்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். தெற்கில் வாழ்ந்தோர் வடக்கின் துயரைத் தம் கண்ணாற் கண்டு தம் மொழியில் எழுதியது சிறிய செயலன்று. 1990இல் அவ்வியக்கத்தின் வெளியீடாகச் சரிநிகர் என்னும் தமிழ்ப் பத்திரிகையும் தோன்றியது. போர்க்காலத்தின் இருளிலே, ஆட்சியாளரும் ஆயுதமேந்தியோரும் விரும்பாத கருத்துகளை அது எடுத்துரைத்தது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்ட நாடு இது. எனினும் 2022ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள், பொருளாதார நெருக்கடியினால் மக்கள் காலிமுகத்திடலிலே திரண்டபோது, பசியின் சினம் இம்முறை அயலவன் மீது திரும்பவில்லை. மே 18ஆம் நாள் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கே கூடி, போரில் மாண்ட தமிழ் மக்களை நினைவுகூர்ந்து முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பகிர்ந்துண்டனர். 1937இல் வெள்ளையர் ஒருவரைக் காத்த திடல் அது. 1956இல் சத்தியாக்கிரகிகளைத் தாக்கிய திடலும் அதுவே. நிலத்திற்குக் குணம் இல்லை. அதில் எவ்வாறு கூடுகின்றோம் என்பதே அதற்குக் குணம் தருகின்றது. ஆனால் ஒருநாட் கூட்டம் சங்கமாகாது. அத்திடலிலே கூடியோர் கலைந்து சென்றபின் தத்தம் ஊரில் எதனை நிறுவினர் என்பதே வரலாறு கேட்கும் வினா.

அவ்வினா இன்று வத்தளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் உரியது. ஒரே மாடிக் குடியிருப்பில் மும்மொழி பேசுவோர் வாழ்கின்றனர். மின்தூக்கியிலே முகமன் கூறிப் பிரிகின்றனர். அவ்வளவு போதாது. குடியிருப்போர் சங்கம், பாடசாலைப் பெற்றோர் சங்கம், சந்தை வியாபாரிகள் சங்கம், மீனவர் சங்கம், மரணாதார சங்கம் ஆகிய எவையாயினும், அவை எல்லா இனத்தவரும் கூடி, தண்ணீருக்கும் வடிகாலுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் பாடுபடும் இடங்களாய் இருத்தல் வேண்டும். கூட்ட அறிவித்தல் இரு மொழியிலும் எழுதப்படல் வேண்டும். ஒருவர் வீட்டுத் துயரத்திற்கு மற்றவர் செல்லும் வழக்கம் வேண்டும். களனி கங்கை பெருகும்போது மணல் மூட்டை சுமக்கும் கைகள் இனம் பார்ப்பதில்லை. வெள்ளம் வடிந்த பின்னும் அக்கைகள் பிரியாதிருக்கச் செய்வதே 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் தொடங்கிவைத்த பணியின் தொடர்ச்சியாகும். வெறுப்பைப் பரப்புவோர் நாள்தோறும் உழைக்கின்றனர்; அதனைத் தடுப்போர் கலகத்தன்று மட்டும் விழித்தெழுந்தாற் போதாது.